சீமாட்டியின் மூக்கு

மூக்கும் முழியுமாக இருக்கிறாள் என்று அழகான பெண்ணைச் சொல்வார்கள். சீமாட்டிக்கு முழி இருந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கீறல்தான் இருந்தது, யாரோ நகத்தால் அவசரமாகக் கீறிவிட்டுப் போனதுபோல. அந்தக் கீறல் வழியாகத்தான் அவள் ராப்பகலாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுக்கிற சத்தம் கடை வாசலைத் தாண்டித் தெருவில் போகிறவர்கள் காதில் விழும். விழுந்தவர்கள் நின்று எட்டிப் பார்ப்பார்கள். பார்த்தவர்கள் உருகிப்போவார்கள்.

"அய்யோ, இது மூஞ்சியப் பாரேன்! கெழவன் மாதிரி என்ன கொறட்டை விடுது பாரேன்!"

சீமாட்டி பிரெஞ்சு புல்டாக் நாய். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று பழமொழி. இவளிடம் நிமிர்த்துவதற்கு வாலே கிடையாது. வௌவால் காது, சப்பை முகம், பீப்பாய் உடம்பு, சந்தோஷம் வந்தால் வாலுக்குப் பதிலாகப் பின்பக்கம் முழுவதையும் ஆட்டுவாள். சலவைக்குத் துணி போட வந்தவர்கள் துணியை மறந்துவிட்டு அவளைப் படம் பிடித்தார்கள். அழுக்கே இல்லாத சட்டையைக்கூடச் சிலர் கொண்டுவந்தார்கள், அவளைப் பார்ப்பதற்கு ஒரு சாக்கு வேண்டுமே.

சலவைக் கடை அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. கீழே கடை, முதல் மாடியில் அண்ணன் குடித்தனம், அதற்கும் மேலே, வெயில் நேராக மண்டையில் இறங்குகிற மாடியில் தம்பி குடித்தனம். கடையின் முன்பக்கம் கல்லா. அங்கே அண்ணன் மனைவி உட்கார்ந்திருப்பாள். பின்பக்கம் பாய்லர், நீராவி இஸ்திரி, கறை எடுக்கிற மேஜை. அங்கே தம்பி மனைவி நின்றிருப்பாள். தெருவில் ஒருத்தியைப் பெரியவள் என்றார்கள், இன்னொருத்தியைச் சின்னவள் என்றார்கள். அந்த இரண்டு ஓர்ப்படிகளுக்கும் நடுவில் இருந்த எல்லாச் சண்டைக்கும் வேர் இதுதான்: ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

சின்னவள் கேட்டதெல்லாம் இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன். ஒவ்வொரு கோடையிலும் கேட்டாள். "கரண்ட் பில்லை யாரு கட்டறது, உங்க அப்பாவா?" என்று பெரியவள் ஒவ்வொரு கோடையிலும் பதில் சொன்னாள். நாய் வந்த வாரமே கல்லாவுக்கு மேலே ஏசி வந்துவிட்டது.

"அது குளிர் தேசத்து இனம்டி. சூடு தாங்காது."

"நான் எந்த தேசத்து இனம்னு யாராவது கேட்டீங்களா?" என்று சின்னவள் பாய்லரைப் பார்த்துக் கேட்டாள். பாய்லர் புஸ்ஸென்றது. அன்றையிலிருந்து அவளுக்கு அந்த நாயைக் கண்டால் ஆகாது.

ஆகாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சீமாட்டியின் முகத்தில் மடிப்பு மடிப்பாகச் சதை. மடிப்புக்குள் கண்ணீரும் எச்சிலும் தேங்கிப் புண்ணாகி நாறும். தினமும் காலையில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு மடிப்பையும் பிரித்துத் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுக்க வேண்டும். அந்த வேலையைப் பெரியவள் சின்னவளிடம் தள்ளிவிட்டாள்.

"கறை எடுக்கறதுல உனக்குத்தானே கைராசி," என்றாள், நாலு வாடிக்கையாளர் சிரிக்கும்படி.

அப்படித்தான் சின்னவள் தினம் காலையில் அந்த முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. நாய்க்கு இவளுடைய பகையெல்லாம் தெரியாது. கன்னத்தை இவள் உள்ளங்கையில் சாய்த்துக்கொண்டு, துடைத்து முடிக்கிற வரைக்கும் கண்ணைக் கண்ணைப் பார்க்கும். அந்தப் பார்வையில் ஏதோ இருக்கத்தான் செய்தது. சின்னவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெரியவளைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அவள் பாசம் வேஷமில்லை. அந்த நாய் மேல் அவளுக்கு உயிர். தன் கையால் ஊட்டினாள், தன் கட்டிலில் படுக்க வைத்தாள், அதன் குறட்டையைப் பதிவு செய்து தன் ஃபோனில் மணிச் சத்தமாக வைத்திருந்தாள். யாராவது கூப்பிட்டால் அவள் மடியிலிருந்து கர்ர், கர்ர் என்று கேட்கும். சீமாட்டி வாயில் ஒரு ரப்பர் பந்தைக் கவ்விக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்குவாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டியிருந்தாள். "தூக்கத்துலயும் விளையாட்டுப் புத்தி பாரு என் செல்லத்துக்கு!" என்பாள்.

கல்லாவுக்குப் பின்னால் சுவரில் இன்னொரு சட்டம் தொங்கியது. சீமாட்டியின் வம்சாவளி. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அவர்களுடைய தாத்தா பாட்டி என்று கிளை கிளையாகப் போகும். அந்த வீட்டில் மனிதர்கள் யாருக்கும் கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாது. சின்னவள் ஒருநாள் சட்டத்தைத் துடைக்கும்போது நின்று படித்தாள்.

"அக்கா, இந்தப் பேரு தாத்தா இடத்துலயும் இருக்கு, கொள்ளுத்தாத்தா இடத்துலயும் இருக்கு. அந்தப் பக்கமும் இதே ஆளுதான். இது குடும்பமா, நூல்கண்டுச் சிக்கலா?"

"உனக்கு என்னடி தெரியும்? அதுதான் சுத்த ரத்தம்ங்கறது. கண்டது கலக்காம இருக்கறது."

தடுப்பூசிக்கு நாயைக் கொண்டுபோனபோது தூக்கிச் சுமக்க ஆள் வேண்டுமென்று சின்னவளையும் பெரியவள் இழுத்துக்கொண்டு போனாள். கால்நடை மருத்துவர் ஒரு பெண், அதிகம் பேசாதவள். ஊசி போடுவதற்கு முன்னால் வெறுமனே நின்று நாயின் சத்தத்தைக் கேட்டாள்.

"எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

"ஆமா டாக்டர், கொறட்டை!" என்றாள் பெரியவள் பெருமையோடு.

"முழிச்சிக்கிட்டு யாரும்மா கொறட்டை விடுவாங்க? இது மூச்சுத் திணறல்." டாக்டரம்மா நாயின் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். "மூக்கு ஓட்டை மூடியே இருக்கு. உள்ளே அண்ணத்துச் சதை வேற நீளமா தொங்குது, அதுவும் வழியை அடைக்குது. தூங்கும்போது எப்படி? உக்காந்தே தூங்குதா, வாயில எதையாவது கவ்விக்கிட்டு?"

சின்னவள் சொன்னாள். "பந்தைக் கவ்விக்கிட்டு."

"வாய் மூடிட்டா மூச்சு நின்னுடும். அதுக்குத் தெரியும், பாவம். அதனாலதான் பந்து."

"அந்த இனமே அப்படித்தானே டாக்டர்?"

"ஆமா. இனமே அப்படித்தான். சப்பை மூஞ்சி வேணும் வேணும்னு சேர்த்துச் சேர்த்து, மூச்சுக்கு எடமில்லாம பண்ணி வச்சிருக்காங்க. ஒரு ஆபரேஷன் பண்ணிட்டா நிம்மதியா இருக்கும். வெயில் ஏறதுக்கு முன்னாடி பண்ணிடுங்க. இனச்சேர்க்கை நெனப்பு இருந்தா விட்டுடுங்க. குட்டிங்க தலை பெருசு, இவ இடுப்பு குறுகல், வயித்தைக் கீறித்தான் எடுக்கணும். இந்த மூச்சை வச்சுக்கிட்டு அதை இவ தாங்க மாட்டா."

பெரியவள் மரியாதையாகத் தலையாட்டினாள். வாசலுக்கு வந்ததும் மரியாதை போய்விட்டது.

"கத்தி வைக்கறதுலயே குறியா இருக்கா. மூக்கைக் கீறிட்டா அப்புறம் எந்தப் போட்டில நிறுத்தறது? ஆபரேஷன் பண்ணின நாயை உள்ளயே விட மாட்டாங்க தெரியுமில்ல?"

விஷயம் அங்கேதான் இருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் ஒரு பெரிய நாய்க் கண்காட்சி. அதில் சீமாட்டி பட்டம் வாங்க வேண்டும். பட்டம் வாங்கினால் வேறு ஊரில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தான். அவனும் பட்டக்காரன், அவனுடைய சொந்தக்காரர் பட்டமில்லாத பெண்ணைத் தன் நாய் பக்கத்தில்கூட விட மாட்டார். குட்டிகள் பிறப்பதற்கு முன்பே யார் யாருக்கு என்று பெரியவள் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. நாய் விற்ற காசு குரைக்காது என்பார்கள். பெரியவளுக்குக் காசைவிடப் பெயர்தான் முக்கியம்: சட்டத்தில் அடுத்த கிளையில் தன் சீமாட்டியின் பெயர் வர வேண்டும்.

கடைக்குத் திரும்பியதும் சின்னவள் சட்டத்தை மறுபடி பார்த்தாள். "அக்கா, மாப்பிள்ளையோட அப்பாதானே நம்ம சீமாட்டிக்குத் தாத்தா?"

"சொந்தத்துல குடுத்தா நல்லதுதானேடி. தெரிஞ்ச எடம்."

அன்று மாலை வாடிக்கையாளர்கள் போன பிறகு சின்னவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஈரத் துணி மூட்டையைத் தரையில் போட்டுவிட்டு நேராகக் கல்லாவுக்கு வந்தாள்.

"டாக்டரம்மா சொன்னது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா? மூச்சு விடவே முடியாததைப் போய் புள்ள பெத்துக்கச் சொல்றீங்களே, மனசாட்சி வேணாமா?"

"உனக்கென்னடி திடீர்னு நாய் மேல பாசம் பொத்துக்கிட்டு வருது?"

"பாசமும் இல்ல, பாயசமும் இல்ல. தெனம் அது மூஞ்சியத் தொடைக்கறவ நான். எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சதெல்லாம் பொறாமை ஒண்ணுதான். என் நாயைப் பாக்க தெருவே வருது. உன்னைப் பாக்க யாருடி வர்றா?"

"நாயைப் பாத்துப் பொறாமைப்படற நெலமைக்கு ஒரு மனுஷியக் கொண்டுவந்துட்டீங்களே, அதுக்கே உங்களுக்கு ஒரு பட்டம் குடுக்கணும்."

"வாயை மூடிக்கிட்டுப் போய் இஸ்திரியப் போடு. என் நாய் விஷயத்துல மூக்கை நுழைக்காத."

சின்னவள் போய் இஸ்திரியைப் போட்டாள். அன்றைக்கு அவள் தேய்த்த சட்டைகளின் மடிப்பில் கை வைத்தால் வெட்டிவிடும் போலிருந்தது.

மாப்பிள்ளையை நேரில் பார்க்கப் பெரியவளும் அவள் புருஷனும் கிளம்பினார்கள். அப்படியே ஒரு சொந்தக்காரர் வீட்டிலும் தங்கி வார இறுதியில் திரும்புவதாக ஏற்பாடு. வெயிலில் நாயை அலைக்கழிக்கக் கூடாது என்று அதைச் சின்னவளிடம் விட்டார்கள். ஏசியை அணைக்காதே, வெளியே கூட்டிப்போகாதே, தண்ணீர்க் கிண்ணத்தை வற்றவிடாதே என்று பெரியவள் அடுக்கினாள். வண்டியில் ஏறின பிறகும் கண்ணாடியை இறக்கிக் கத்தினாள்.

"நீ சாப்பிட மறந்தாலும் பரவாயில்ல. அதுக்கு மறந்துடாத!"

சொன்னவள் போய்விட்டாள். சொல் போகவில்லை. சின்னவள் உள்ளே வந்து, ஏசிக்குக் கீழே மெத்தையில் உட்கார்ந்திருந்த சீமாட்டியைப் பார்த்தாள். நாய் பின்பக்கத்தை ஆட்டியது. சின்னவள் ஏசியை அணைத்தாள்.

"வாடி, சீமாட்டி. நான் நிக்கற எடத்துல நீயும் கொஞ்ச நேரம் இருந்து பாரு. ஒண்ணும் செத்துட மாட்ட. நான் செத்தா போயிட்டேன்?"

நாயைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டுபோய் இஸ்திரி மேஜைக் காலில் கட்டினாள். தண்ணீரும் வைத்தாள், கொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஒரு ஜீவனாவது தன் வெக்கையைத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் நினைத்தாள். நினைத்தது அவ்வளவுதான் என்றாலும் செய்தது செய்ததுதான். பாய்லர் ஏறியது. ஒரு விடுதியின் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. நீராவி புகைந்தது. மேஜைக்குக் கீழே கர்ர், கர்ர் என்ற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாக எழுந்தது. கத்து, நல்லா கத்து, என்று சின்னவள் விரிப்பை உதறினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் வேலை செய்தபடி பாட்டு முணுமுணுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் கர்ர் என்பது கீச்சென்று மாறியது. பிறகு நின்றது.

சத்தம் நின்றதும் சின்னவளுக்கு முதலில் தோன்றியது, அப்பாடா என்பதுதான். அந்த அப்பாடாவை அவள் பிற்பாடு பல நாள் தனக்குள் எடுத்து எடுத்துப் பார்த்து வெட்கப்பட்டாள். குனிந்து பார்த்தபோது நாய் பக்கவாட்டில் கிடந்தது. நாக்கு வெளியே தொங்கியது. கறை எடுக்கிறவளுக்கு நிறம் தெரியும். அது கத்தரிப்பூ நிறம். நாக்குக்கு அந்த நிறம் இருக்கக் கூடாது.

"என்னங்க! என்னங்க, ஓடி வாங்க!"

அவள் புருஷன் வாசலில் வண்டியில் துணி ஏற்றிக்கொண்டிருந்தான். வந்து பார்த்துக் கையைப் பிசைந்தான். சின்னவள் யாருடையதென்று பார்க்காமல் ஒரு வெள்ளை விரிப்பைத் தண்ணீரில் முக்கி நாயைச் சுற்றி வாரிக்கொண்டாள். வண்டியில் போகும் வழியெல்லாம் அந்தச் சப்பை முகத்தைத் தூக்கிப் பிடித்து, ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினாள். "மூச்சு விடுடி. விடுடி. என்னைக் கொலைகாரி ஆக்கிட்டுப் போயிடாதடி." அழுதுகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. புருஷனுக்குத் தெரிந்தது, அவன் வண்டியை இன்னும் வேகமாக ஓட்டினான்.

டாக்டரம்மா தொண்டைக்குள் குழாய் இறக்கினாள். ஆக்சிஜன் போனது. நாக்கின் நிறம் மெதுவாக மாறியது. உடம்புச் சூடு இறங்கின பிறகுதான் அவள் கையுறையைக் கழற்றினாள்.

"எங்க இருந்துது இது?"

"கடையில," என்றாள் சின்னவள். அது பொய்யில்லை. உண்மையும் இல்லை.

"இப்ப குழாய் இருக்கறதால மூச்சு விடுது. குழாயை எடுத்தா தொண்டை வீக்கத்துல திரும்ப அடைக்கும். இப்பவே மூக்கையும் அண்ணத்தையும் சரி பண்ணிட்டா பொழைக்க வழி இருக்கு. விட்டா, இன்னைக்கு இல்லன்னா இன்னொரு நாள் இதேதான். சொந்தக்காரங்க சொல்லணும். அவங்க எங்க?"

புருஷன் சின்னவளை ஓரமாக இழுத்தான். "அண்ணிய ஒரு வார்த்தை கேட்டுடு. தலை போற விஷயம்."

"கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அதுக்காக? அவங்க நாய்டி. நாளைக்கு வீடு ரெண்டாயிடும்."

அந்த நேரம் பார்த்து அவள் ஃபோன் அடித்தது. பெரியவள்தான். குரலில் சந்தோஷம் வழிந்தது.

"மாப்பிள்ளை பிரமாதம்டி! மூக்குன்னா மூக்கு, இருக்கற எடமே தெரியல! போட்டி முடிஞ்ச கையோட கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. நம்ம பொண்ணு என்ன பண்றா?"

சின்னவள் கண்ணாடிக் கதவு வழியாக மேஜையில் கிடந்த நாயைப் பார்த்தாள். "தூங்கறா."

"கொறட்டைய ஸ்பீக்கர்ல போடேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேக்கணுமாம்."

சின்னவள் ஃபோனைக் கட் செய்தாள். அவளுக்குள் அப்போது இரக்கம் இருந்தது, பயம் இருந்தது, தான் செய்த காரியத்தின் குறுகுறுப்பு இருந்தது. பெரியவளின் பட்டமும் சட்டமும் மாப்பிள்ளையும் ஒரே கீறலில் போய்விடும் என்ற இனிப்பும் இருந்தது. எது எவ்வளவு என்று அவளைக் கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"பண்ணுங்க டாக்டர். நாய் என்னுதுதான்."

சீமாட்டி பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பெரியவள் தினம் கூப்பிட்டாள். தினம் சின்னவளின் புருஷன் எச்சிலை விழுங்கிக்கொண்டு, நல்லா இருக்கா அண்ணி, நல்லா சாப்பிடறா அண்ணி என்று சொன்னான். வீட்டுக்கு வந்த அன்றைக்கு நாய் பந்தைத் தேடவில்லை. ஏசிக்குக் கீழே மெத்தையில் பக்கவாட்டில் நீட்டிப் படுத்தாள். நாலு காலும் நாலு பக்கம். வாய் மூடியிருந்தது. சத்தமே இல்லை. சின்னவள் இஸ்திரியை விட்டுவிட்டு வந்து வந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் விலா ஏறி இறங்கியது. பிறந்ததிலிருந்து அந்த நாய் ஒரு முழுத் தூக்கம் தூங்கியதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்படித் தூங்கிக்கொண்டிருக்கும்போதுதான் பெரியவள் வந்து சேர்ந்தாள்.

வாசலிலேயே, "சீமாட்டி! யாரு வந்திருக்கா பாரு!" என்று கூவினாள். பதிலுக்கு எந்தச் சத்தமும் வரவில்லை. கடைக்குள் நுழைந்தாள். நாய் நீட்டிக் கிடந்தது, வாய் மூடி, பந்து இல்லாமல், குறட்டை இல்லாமல். அந்த நாயைச் சத்தமில்லாமல் அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. கைப்பை கீழே விழுந்தது.

"அய்யோ! என் தங்கம் போயிட்டாளே!"

அப்படியே தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். தெருவில் போனவர்கள் ஓடிவந்தார்கள். "என்னை விட்டுட்டுப் போயிட்டியேடி! என் மடியில படுத்தவளே! உன்னைக் கண்டவ கையில குடுத்துட்டுப் போனேனே பாவி!" என்று அவள் அழுத அழுகையில் ஒரு துளி நடிப்பில்லை. பின்பக்கத்திலிருந்து ஓடிவந்த சின்னவளுக்கே நெஞ்சை என்னவோ செய்தது. இவள் நாயை நிஜமாகவே நேசிக்கிறாள்; ஒருவேளை இதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு விநாடி நம்பினாள்.

சத்தத்தில் நாய் கண்ணைத் திறந்தது. எழுந்து உடம்பை உதறியது. பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு பெரியவள் மடியில் ஏறி, அவள் முகத்துக் கண்ணீரை நக்கியது.

பெரியவள் அதை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சிரித்தாள், அழுதாள், நெற்றியில் முத்தமிட்டாள். பிறகு முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தாள். கீறல் இருந்த இடத்தில் இரண்டு துவாரம், ஓரத்தில் தையல். அவள் கை நாயின் கன்னத்திலிருந்து கீழே இறங்கியது.

"யாரு பண்ணினது?"

"நான்தான் பண்ணச் சொன்னேன். இல்லன்னா செத்திருக்கும்."

"செத்திருந்தா அழுதுட்டு விட்டிருப்பேனேடி! இப்ப இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர், "அதான் உசுரோட இருக்கே," என்று ஆரம்பித்தார். பெரியவள் பார்த்த பார்வையில் அவர் துணிகூட வாங்காமல் நழுவினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். நாய் பெரியவளின் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தது. பெரியவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"போட்டி போச்சு. மாப்பிள்ளை போச்சு. எல்லாருக்கும் வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன். என் மூஞ்சியில கரியப் பூசணும்னே பண்ணியிருக்க."

"அக்கா, முழுசையும் கேட்டுக்குங்க." என்றாள் சின்னவள். இதை அவள் புருஷனிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து, அந்த நாய் தன் கையில் கன்னத்தைச் சாய்க்கும்போதெல்லாம் அது நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. "உங்க மேல இருந்த கோவத்துல ஏசிய அணைச்சதே நான்தான். பாய்லர் பக்கத்துல, இஸ்திரி மேஜைக் கால்ல கட்டிப் போட்டதும் நான்தான். அதனாலதான் அது விழுந்துச்சு. அதைக் கொல்லப் பாத்ததே நான்தான்க்கா."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அறைவாள், முடியைப் பிடித்து இழுப்பாள், தெருவையே கூட்டுவாள், வீட்டை விட்டுப் போ என்பாள். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் நின்றாள். அடி விழுந்தால் பாரம் குறையும் என்றுகூட அவளுக்கு இருந்தது.

பெரியவள் எரிச்சலோடு கையை வீசினாள், ஈ ஓட்டுவதைப் போல.

"அது போய்த் தொலையட்டும்டி. மூக்கை ஏன்டி தொட்ட?"

சின்னவள் கண்ணைத் திறந்தாள். பெரியவள் கல்லாவில் ஏறி உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல ஃபோனை எடுத்துவிட்டாள். சின்னவள் குனிந்து நாயைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தன் மாடிக்கு ஏறினாள்.